இந்தக் குழாய் யாருடையது?

அன்புள்ள பாப்பா,

அறுபது வயது ஆனவளைப் பாப்பா என்கிறானே இந்தக் கிழவன் என்று முறைக்காதே. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் நீ ஆணையர் அம்மா. நீ உள்ளே நுழைந்தால் நகராட்சி ஆபீசில் நாற்காலியெல்லாம் பின்னுக்கு இழுபட்டுச் சத்தம் போடும். இப்போது நீ வந்தால் எழுந்து நிற்பதற்கு என் வீட்டில் ஒரு பூனைகூட இல்லை. ஆகையால் சாவகாசமாக உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இதைக் கடைசி வரைக்கும் படி. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, பிழை இருக்கும். பழக்க தோஷத்தில் பச்சை மைப் பேனாவை எடுத்துச் சுழித்து, ‘திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடாதே. எண்பத்து மூன்று வயதில் இதை இன்னொரு முறை எழுத எனக்குப் பொறுமை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தாயே, அன்றைக்கே சொல்ல வேண்டிய விஷயம் இது. நெத்திலிக் குழம்பு வைத்து, பக்கத்தில் உட்காரவைத்து, பக்குவமாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நீ பாதிச் சோற்றில் இடது கையால் போனை எடுத்துப் பார்த்தாய். வைத்தாய். மறுபடியும் எடுத்தாய். அப்புறம் என்னைப் பார்த்து, “ப்பா, உன் போன்லேந்து எனக்கு ஒரு கால் போடேன்” என்றாய்.

“எதிர்ல குந்திகினு இன்னாத்துக்குப் போனு?”

“ரிப்பேரான்னு பார்க்கணும்ப்பா. ரெண்டு நாளா ஒருத்தர்கூடக் கூப்பிடலை.”

போட்டேன். உன் கையிலேயே மணி அடித்தது. நானும் சும்மா இருக்க முடியாமல் காதில் வைத்துக்கொண்டு, “ஹலோ, கமிஷனர் அம்மாங்களா? எங்க தெருவுல நாய்த் தொல்லை பேஜாராக் கீதும்மா, கொஞ்சம் வந்து பாருங்கம்மா” என்றேன். நீ சிரித்தாய். புரையேறும் வரைக்கும் சிரித்தாய். ஆனால் சிரித்து முடித்ததும் போனைக் குப்புறப் போட்டுவிட்டு, ஒரு நிமிஷத்திலேயே திரும்ப மல்லாத்திப் பார்த்தாய். அதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என் விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. முழுங்கிவிட்டேன். முழுங்கியது மூன்று நாளாகச் செரிக்கவில்லை. நான் ஒரு குற்றம் செய்திருக்கிறேன் பாப்பா. உன் பேரையே கெடுக்கப் பார்த்த குற்றம். அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

உனக்கு முன்னாடியே அந்த ஆபீசில் உத்தியோகம் பார்த்தவன் நான் என்பதை நீ அடிக்கடி மறந்துவிடுவாய். உனக்கு ஏ.சி. ரூம், எனக்கு நடுத்தெரு, அவ்வளவுதான் வித்தியாசம். நம் ஊர் அப்போது பஞ்சாயத்து. தெருத் தெருவாகக் குழாய்த் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை எனக்கு. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி, அதைக் குழிக்குள் விட்டு வால்வைத் திருக வேண்டும். பிள்ளையார் கோயில் தெருவுக்கு எட்டுச் சுற்று, பள்ளிக்கூடத் தெருவுக்கு ஆறு, மேட்டுத் தெருவுக்கு முழுசாகத் திறந்தாலும் முக்கிக்கொண்டுதான் வரும். இதெல்லாம் எந்த நோட்டிலும் கிடையாது. எல்லாம் என் மண்டையில். உன்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்து, சாவியை உன் கையில் கொடுத்து ஊர் முழுக்கச் சுற்றுவேன். நீ என்னவோ திருவிழாவில் வேல் பிடித்துப் போகிற மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருப்பாய். ஆணையர் ஆகிற களை அன்றைக்கே இருந்தது என்று இப்போது புளுகலாம். உண்மையில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

நீ நாலாவது படித்தபோது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. ரஃப் நோட்டில் கோடு போட்டு, எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று, வால்வு எந்த வேப்ப மரத்தடியில், யார் வீட்டு வாசலில் என்று அழகாக எழுதிக்கொண்டு வந்து நீட்டினாய். ஓரத்தில் ஒரு பூவும் வரைந்திருந்தாய். வேறு எந்த அப்பனாவது இருந்தால் நெஞ்சோடு சேர்த்து அணைத்திருப்பான். நான் அதைப் பிடுங்கி வெந்நீர் அடுப்பில் போட்டேன். “எழுதி வெச்சா எவன் வேணும்னாலும் தொறப்பான்டி. அப்பால உங்க அப்பனை எவன் தேடுவான்?” என்றேன். நீ அழுதாய். உங்கள் அம்மா என்னைத் திட்டினாள். நான் பெரிய புத்திசாலித்தனம் பண்ணிவிட்டதாக மீசையை முறுக்கிக்கொண்டு போய்விட்டேன்.

நான் ஓய்வு பெற்றபோதும் அதே புத்திதான். இளம் இன்ஜினியர் ஒருத்தர், பாவம், நல்ல பிள்ளை, வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, “அண்ணா, லைன் எல்லாத்தையும் வரைஞ்சு குடுத்துட்டுப் போங்கண்ணா” என்று கெஞ்சினார். வரைந்தேன். பாதி வரைந்தேன். மீதியை வேண்டுமென்றே விட்டேன். அதற்குப் பலனும் கிடைத்தது. இரண்டு மூன்று வருஷம் வாரத்துக்கு ஒருத்தன் நம் வாசலில் நிற்பான். “அண்ணா, அந்த வால்வு எங்க கீது?” நான் உடனே கிளம்ப மாட்டேன். டீயைக் குடிப்பேன். சட்டையைத் தேடுவேன். செருப்பைத் தேடுவேன். உங்கள் அம்மா உள்ளேயிருந்து, “ரிட்டையர் ஆன ஆளு மாதிரியாக் கீது? மறுவூட்டுக்கு வந்த மாப்ளை கணக்கா மொறுக்கிகினு கீது, பாரேன்” என்பாள். அப்புறம் புது லைன் வந்தது, பெரிய தொட்டி வந்தது, என் குழாய்களெல்லாம் மண்ணுக்குள் செத்துப்போயின. வாசலில் ஆள் வருவதும் நின்றது. அந்த நாட்களில் நானும் உன்னை மாதிரியே, போன் இல்லாத குறைக்கு, கேட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். கிளார்க்காகச் சேர்ந்து, பரீட்சை எழுதி எழுதி, ஊர் ஊராகப் போய், கடைசி இரண்டு வருஷத்துக்கு ஆணையராக நம் ஊருக்கே மாற்றலாகி வந்தாய். ஊரே எனக்கு வணக்கம் வைத்தது. நானும் பெரிய கனவெல்லாம் கண்டேன். ஜீப்பில் ஏறித் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கலாம் என்று நினைத்தேன். நீ வந்த முதல் வாரமே சட்டம் போட்டாய். “ஜீப்பு உன் வூட்டு வாசல்ல நிக்காதுப்பா. ஞாயித்துக்கிழமை நான் ஸ்கூட்டர்ல வருவேன். ஆபீஸ் விஷயம் நீயும் பேசாத, நானும் பேச மாட்டேன். யாராவது மனு குடுத்தா வாங்காத, திங்கக்கிழமை ஆபீசுக்கு வரச் சொல்லு.” சரியான சட்டம். நல்ல சட்டம். அந்தச் சட்டத்தை உடைக்காமல் உன்னை வாரத்தில் இன்னொரு நாள் பார்க்க ஒரே வழிதான் இருந்தது. நானே ஒரு மனு எழுதிக்கொண்டு திங்கட்கிழமை வந்தேன்.

டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, தெரு விளக்கு எரியவில்லை என்று மனுவை நீட்டினேன். நீ தலையைத் தூக்கிப் பார்த்தாய். கண்கூட இமைக்கவில்லை. “பேர் என்ன பெரியவரே?” என்றாய்.

“இன்னாம்மா, எம் பேரு உங்களுக்கே தெரியாதா?”

“மனுவுல எழுதணும் பெரியவரே. அடுத்தவங்க வெயிட் பண்றாங்க, சீக்கிரம்.”

பக்கத்தில் நின்ற மேனேஜர் டேவிட் சார் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். விளக்கு மூன்றாம் நாள் எரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்து, “இன்னொரு தடவை லைன்ல உன்னைப் பார்த்தேன், நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்” என்று கத்திவிட்டுப் போனாய். நேரில் வராதே என்றுதானே சொன்னாய்? தபாலில் அனுப்பாதே என்று சொல்லவில்லையே?

ஆமாம் பாப்பா. கந்தசாமி நான்தான்.

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி. இரண்டு வருஷமாக உன் உயிரை எடுத்த ‘கோ. கந்தசாமி, சமூக ஆர்வலர்’ உன்னைப் பெற்ற அப்பன்தான். குப்பை வண்டி வரவில்லை, பூங்காவில் ஊஞ்சல் அறுந்துவிட்டது, கொசு மருந்துப் புகை எங்கள் தெருவுக்கு மட்டும் மணமாக இல்லை என்று அத்தனையும் நான்தான். கையெழுத்து தெரிந்துவிடும் என்று ஸ்டேஷன் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் அந்தப் பெண்ணிடம் டைப் அடித்தேன். விலாசத்துக்கு என் பழைய பம்பு ரூம் நம்பரைப் போட்டேன். நீ ஆள் அனுப்பித் தேடியிருக்கிறாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் சட்டத்தை நீயே மறந்து, “யாரோ கந்தசாமியாம்ப்பா, அந்த அட்ரஸ்ல போய்ப் பார்த்தா இடிஞ்ச பம்பு ரூமும் ஒரு ஆடும்தான் இருக்காம்” என்று புலம்பினாய். ரசம் எனக்கு மூக்கு வழியாக வந்தது. வெயில் ஜலதோஷம் என்றேன். நீ மாத்திரை கொடுத்தாய். அதையும் போட்டுக்கொண்டேன்.

விளையாட்டாகத்தான் இருந்தது, அந்த மழைநீர்க் கால்வாய் மனு வரைக்கும். பள்ளிக்கூடத் தெரு முனையில் உன் ஆட்கள் புதிதாகக் கால்வாய் கட்டினார்களே, கட்டி முடித்த பிறகும் முனையில் தண்ணீர் தேங்கி, கொசு பெருகி, நான் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் நாற்றம். எழுதினேன். எழுதும்போது வார்த்தை துள்ளியது. ‘இந்த வேலையில் யார் யார் சாப்பிட்டார்கள் என்பது ஆண்டவனுக்கும் ஆணையருக்குமே வெளிச்சம்’ என்று ஒரு வரி போட்டேன். ஜெராக்ஸ் கடைப் பெண் படித்துவிட்டு, “தாத்தா, சூப்பரா கீது” என்றது. கடைசியில், “நகல் யாருக்குத் தாத்தா? நகல் போடலைன்னா மனுவுக்கு மரியாதையே இருக்காது” என்றது. மரியாதைக்காகத்தானே, போடு என்றேன். மேலிடத்து ஆபீஸ் பேரைப் போட்டது. நான் அதை வெறும் அலங்காரம் என்று நினைத்தேன். அந்தப் பெண் வேலையில் சுத்தம். இரண்டு கவரிலும் தபால்தலை ஒட்டி அனுப்பிவிட்டது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. நீ சட்டத்தை இறுக்கிக்கொண்டாய், ஆபீசைப் பற்றி மூச்சு விடவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் தெரிந்தது.

உன் வழியனுப்பு விழா நாலு மணிக்கு. நான் இஸ்திரி போட்ட வேட்டி சட்டையோடு ஒன்றரை மணிக்கே ஆஜர். வராந்தாவில் டேவிட் சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னா சார், மூஞ்சி வாடிக் கெடக்குது? ரிட்டையர்மெண்டு அவளுக்கா, உனக்கா?”

“அய்யா, மெதுவா. அம்மாவை விடுவிக்கிற ஆர்டர் இன்னும் மேலேந்து வரலை.”

“வரும், இன்னா அவசரம்?”

“அஞ்சே முக்காலுக்குள்ள வரணும். வரலைன்னா விசாரணை பாக்கின்னு நிறுத்தி வெச்சிடுவாங்க. ரிட்டையர் ஆகவும் விட மாட்டாங்க, வேலையும் குடுக்க மாட்டாங்க. பென்ஷனை விடுங்க. முப்பத்தஞ்சு வருஷத்துப் பேரு ஒரே நாள்ல போயிடும் அய்யா. நாளைக்கு ஊரே என்ன பேசும்?”

“இன்னா விசாரணை?”

“கந்தசாமின்னு ஒரு புண்ணியவான்...” என்று ஆரம்பித்து, என் வரியையே ஒப்பித்தார். ஆண்டவனுக்கும் ஆணையருக்குமே வெளிச்சம். எழுதியபோது இனித்த வரி, காதில் விழுந்தபோது கசந்தது. உன் ரூம் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீ குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மேலிடத்தில் யாருக்காவது ஒரு போன் போடுங்கள் என்று இவர்கள் கெஞ்சியதற்கு, “நான் தப்புப் பண்ணலை, எதுக்கு போன் பண்ணணும்? வர்றது வரட்டும்” என்றாயாம். கழுத்து நரம்பு மட்டும் புடைத்துக்கொண்டிருந்தது. அது பயந்தால் உனக்குப் புடைக்கும். எனக்குத் தெரியும்.

டேவிட் சாரை ஓரமாக இழுத்துப் போய்ச் சொல்லிவிட்டேன். “சார், அந்தப் புண்ணியவான் நான்தான்.”

அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். “அய்யா, காலைப் பிடிக்கிறேன், சத்தமாச் சொல்லாதீங்க. அப்பாவே பொண்ணு மேல மனு போட்டார்னா அதுக்குத் தனியா ஒரு விசாரணை வரும்.”

“அப்போ வாபஸ் வாங்கிக்கறேன்.”

“இல்லாத ஆளு எப்படி அய்யா வாபஸ் வாங்குவார்?”

மூன்று மணிக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி அந்த முனைக்கு வந்து கால்வாயைப் பார்க்கப் போகிறார் என்றார். தண்ணீர் ஓடினால் புகார் முடிந்தது, ஆர்டர் வந்துவிடும். தேங்கினால் முடிந்தோம். “ஏன்யா தேங்குது? இத்தினி பேரு இன்ஜினியருங்க கீறீங்களே” என்று கேட்டேன். அவர் ஃபைலைத் திறந்து காட்டினார். தோண்டும்போது குறுக்கே ஒரு பழைய சிமெண்ட் குழாய் வந்திருக்கிறது. எந்த வரைபடத்திலும் இல்லாத குழாய். உயிரோடு இருக்கிற குடிநீர்க் குழாயோ என்று பயந்து, கான்ட்ராக்டர் அதை உடைக்காமல் மேலேயே மேடு மாதிரி பூசிக் கால்வாயைக் கட்டிவிட்டான். மேடு இருந்தால் தண்ணீர் எப்படித் தாண்டும்? அந்தத் தாளின் ஓரத்தில் உன் பச்சை மை. ‘இந்தக் குழாய் யாருடையது? உடன் கண்டறிந்து தெரிவிக்கவும்.’ அதற்குக் கீழே ஆறு பேர் கையெழுத்துப் போட்டு, தெரியவில்லை, தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

யாருடையது? உன் அப்பனுடையது!

ஒரு கோடையில் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாமல் போனபோது, பஞ்சாயத்துத் தலைவர் வாய்வார்த்தையாகச் சொல்ல, நாங்கள் நாலு பேர் இரண்டே நாளில் பம்பு ரூமிலிருந்து இழுத்துப் போட்ட குறுக்குக் குழாய் அது. எந்தத் தாளிலும் ஏறாது. அந்த இன்ஜினியர் பிள்ளை பென்சிலைக் கொடுத்தபோது நான் வேண்டுமென்றே விட்டதில் அதுவும் ஒன்று. இருபது வருஷத்தில் நானே மறந்துபோனேன். மறந்துபோய், அதே முனையில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டது யார் என்று மனு வேறு எழுதியிருக்கிறேன். என் குழாய் அடைத்த கால்வாய்க்கு என் மகள் மேல் புகார். நீ ஆறு பேரைக் கேட்டாய். உன் சட்டத்தை ஓர் ஓரம் மடக்கி ஏழாவதாக என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நெத்திலிக் குழம்போடு பதிலும் கிடைத்திருக்கும். இதில் உனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று சொல்லிக்கொண்டு என் பாரத்தைக் குறைக்கிறேன்.

டேவிட் சார் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டேன். இப்போது தண்ணீர் திறந்துவிடுகிற குமாரும் கடப்பாரை, சம்மட்டியோடு இரண்டு ஆட்களும் வந்தார்கள். அதிகாரி ஏற்கெனவே குடையோடு நின்றுகொண்டிருந்தார். சிரிக்கத் தெரியாத முகம். நான் நேரே கால்வாய்க்குள் இறங்கிவிட்டேன். “குமாரு, இந்த மேட்டை ஒடை. கீழ சிமெண்டுக் கொழா கீது, அதையும் ஒடை.”

“நைனா, உள்ள தண்ணி கீதுன்னா? உடைச்சா தெருவே மொதக்குமே!”

“அது செத்து இருவது வருசம் ஆவுதுடா. அதுக்கு வாய்க்கரிசி போட்டவனே நான்தான். ஒடை!”

குமார் டேவிட் சாரைப் பார்த்தான். டேவிட் சார் வானத்தைப் பார்த்தார். நான் சம்மட்டியை வாங்க நீட்டிய கையைப் பார்த்துப் பயந்து அவனே ஓங்கி ஒன்று போட்டான். சத்தியமாகச் சொல்கிறேன் பாப்பா, அந்த ஒரு நொடி எனக்கே மூச்சு நின்றது. இருபது வருஷத்து ஞாபகம், அதையும் முன்னே ஒருமுறை மறந்த மண்டை. தப்பாக இருந்தால் அதிகாரியின் குடைக்கு மேலே தண்ணீர் பீய்ச்சும், உன் பேரும் அதோடு போகும். குழாய் உடைந்தது. உள்ளேயிருந்து கொஞ்சம் மண்ணும், ஒரு தவளையும் வந்தன. அவ்வளவுதான். நான் அந்தத் தவளையைக் கும்பிட்டேன்.

உடைந்ததை வாரிப் போட்டுவிட்டு, சோதனைக்காகக் கொண்டுவந்திருந்த லாரித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். தயங்கியது, முனையில் ஒரு சுற்றுச் சுற்றியது, அப்புறம் கீழே பார்த்து ஓட்டம் எடுத்தது. அதிகாரி கரையோரமாகவே நடந்து போய்க் கடைசி வரைக்கும் பார்த்துவிட்டு வந்தார்.

“பெரியவரே, இங்க குழாய் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“போட்டவனே நான்தான் சார். எழுதி வெக்காதது என் தப்பு. இவங்க யார் மேலயும் தப்பு இல்ல. அத்தே நீங்க எழுதிக்குங்க, எங்க வேணா கையெழுத்துப் போடறேன்.”

எழுதினார். நானும் போட்டேன், என் சொந்தப் பேரில். பேனாவை மூடிக்கொண்டே, “மனு போட்ட கந்தசாமி யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரியும் சார். நல்ல மனுசன்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்.”

டேவிட் சாருக்கு இருமல் வந்துவிட்டது.

ஐந்து இருபதுக்கு ஆர்டர் வந்தது. நீ மேடையில் சால்வைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாய். டேவிட் சார் உன் காதில் சொன்னபோது, அந்தக் கழுத்து நரம்பு மெதுவாக உள்ளே போனது. தண்ணீர் ஓடியதைப் பார்த்த சந்தோஷமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. பிறகு என்னைப் பார்த்து, “ஏன்ப்பா வேட்டியெல்லாம் சேறு?” என்று சைகையில் கேட்டாய். வழுக்கிவிட்டது என்று நானும் சைகையிலேயே புளுகினேன். மைக்கைக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் பேச விஷயம் இருந்தது, ஒன்றையும் பேச முடியாத நிலைமை. “எம் பொண்ணு ரிட்டையர் ஆயிட்டா. இனிமே பயமில்லாம மனு போடலாம்” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், டேவிட் சாரைத் தவிர.

ஓய்வு பெற்றவரை மாலையோடு ஜீப்பில் ஏற்றி வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவது நம் ஆபீஸ் வழக்கம். நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். “ப்பா, ஏறு” என்றாய். டிரைவரிடம், “மொதல்ல அப்பா வீடு” என்றாய். இரண்டு வருஷம் ஒரு நாள்கூட என் வாசலில் நிற்காத ஜீப்பு நின்றது. எதிர்வீட்டுக்காரர் லுங்கியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு வந்து வணக்கம் வைத்தார். நீ உன் மாலையைக் கழற்றி அம்மா படத்துக்குப் போட்டாய். மறுநாள் வரைக்கும் வீடெல்லாம் மல்லிகை வாசனை. அந்த வாசனையில் படுத்துக்கொண்டு, இவளிடம் எப்படிச் சொல்வது என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். ஜலதோஷம்தான். மாத்திரை அனுப்பாதே.

இப்போது உன் போன் விஷயம். நீ பொறுப்பை ஒப்படைத்தபோது ஒரு கனமான நோட்டையும் கொடுத்தாயாமே? எந்த வேலை எங்கே நிற்கிறது, எந்தத் தெருவில் எந்தக் குறை, யாரைக் கேட்டால் எது நடக்கும் என்று ஒரு மாதமாக நீயே உட்கார்ந்து எழுதியதாம். சனிக்கிழமை அந்த டேவிட் சார் என்னைப் பார்க்க வந்தபோது சொன்னார். “எதுக்குமே அம்மாவைக் கூப்பிட வேண்டியதில்லை அய்யா, நோட்டைத் திறந்தா பதில் இருக்கு” என்றார். நான் எதுவும் எழுதாமல் வந்தேன், மூன்று வருஷம் என் வாசலில் ஆள் நின்றது. அதை மரியாதை என்று நினைத்தேன். அத்தனை நாளும் அந்த ஆட்கள் வந்து நின்ற நேரத்தில் எந்தத் தெருவிலோ பெண்கள் காலிக் குடத்தோடு காத்துக்கொண்டிருந்தார்கள் என்பது, நான் டீ குடித்தபோது என் புத்திக்கு எட்டவில்லை. உன் போன் ரிப்பேர் இல்லை பாப்பா. நாலாவது படித்தபோது நான் அடுப்பில் போட்டதை நீ மறுபடியும் எழுதிவிட்டாய், அதனால்தான் அது அடிக்கவில்லை. ஓரத்தில் பூ வரைந்தாயா என்று மட்டும் டேவிட் சாரைக் கேட்க மறந்துவிட்டேன்.

இதோடு ஒரு பழைய காலண்டர் தாளைப் பின்பக்கமாக மடித்து வைத்திருக்கிறேன். பிரித்துப் பார். என் மண்டையில் மிச்சம் இருந்த குழாய்கள் எல்லாம் அதில் இருக்கின்றன, மூன்று நாளாக வரைந்தேன். இன்னும் இரண்டு இடத்தில் உன் ஆட்கள் தோண்டினால் இதே மாதிரி முழிப்பார்கள். அதில் ஒன்று அந்த எதிர்வீட்டுக்காரர் வாசலிலேயே இருக்கிறது, அதை மட்டும் அவரிடம் சொல்லாதே, தூங்க மாட்டார். இதை ஆபீசில் சேர்க்க வேண்டும். முன்னாள் ஆணையர் என்று பின்வாசல் வழியாகப் போய் டேவிட் சார் மேஜையில் வைக்கிற வேலை வேண்டாம். உன் சட்டம் உனக்கும்தான். திங்கட்கிழமை ஒன்பதரைக்கு டோக்கன் கொடுப்பார்கள். நானும் வருகிறேன். எனக்கு அந்த வரிசையில் ஏற்கெனவே ஒருமுறை நின்ற அனுபவம் உண்டு, காத்தாடிக்கு நேர் கீழே எந்த பெஞ்சு என்று காட்டித் தருகிறேன். பேரைக் கேட்டால் ஒழுங்காகச் சொல்லு. திட்டுவதாக இருந்தால் அங்கேயே, பெஞ்சில் உட்கார்ந்து திட்டலாம், நம் டோக்கன் வர நேரமாகும்.

இப்படிக்கு,
கோ. கந்தசாமி என்ற பேரில் உன்னைப் பாடாய்ப் படுத்திய
உன் அப்பா

நகல்: சத்தியமாக யாருக்கும் இல்லை.